பட்டவன்தான் சொல்லணும்

கோப்பையைத் தொடாதீங்க தம்பி. படம் எடுக்கணும்னா அங்கேயே நின்னு எடுத்துக்கோங்க. கை பட்டா வெள்ளி கறுத்துப் போகும். அதுக்காகச் சொல்றேன், வேற ஒண்ணும் இல்லை. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இந்தப் பக்கம். அது வீட்டு ஆளுங்க உக்கார்றது.

நீங்க எந்தத் தெரு? ஓ. அப்பா பேரு? தாத்தா பேரு? அப்படியா. சரி விடுங்க. இப்பல்லாம் யாரையும் இதெல்லாம் கேக்கக் கூடாதாமே. நானும் யாரையும் கேக்கறது இல்லை.

விஷயத்துக்கு வருவோம். ஊருக்கு வெளியில சைக்கிள் பந்தயத்துக்குன்னு புதுசா ஒரு பாதை போட்டிருக்கீங்க. அதுக்கு குஸ்தாவ் அமலோர் பேரை வைக்கப் போறீங்க. திறப்பு விழா மேடையில நான் உக்காந்து அவனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசணும். அதானே? விழா மலர் வேற போடறீங்க. அதுல என் படத்தைப் போட்டு, கீழே 'ஒலிம்பிக் வீரரை வாள்வீச்சில் வென்ற லெயோன் சந்தானசாமி'ன்னு போடுவீங்க. போடுங்க. புதுச்சேரியில அந்தப் பேரு எனக்கு ஒருத்தனுக்குத்தான். கடைத்தெருவுல போனா இன்னிக்கும் எழுந்து நிக்கறாங்க. கோர்ட்டுல நான் குப்பை கொட்டினது யாருக்கும் ஞாபகம் இல்லை. இது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு.

ஆனா மேடை ஏறுறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். பிரான்சுல படிக்கறப்போ தூலோன்ல அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்னு சொன்னீங்க. சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. பேசிக்கிட்டு இருந்தோம்னு சொன்னீங்க. அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்?

இருங்க, இருங்க. உடனே சொல்லிடாதீங்க. முதல்ல நான் சொல்லிடறேன். அவன் சொன்னதைக் கேட்டுட்டு அப்புறம் நான் சொன்னா, பதில் சொன்ன மாதிரி ஆயிடும். நான் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை.

ரொசாலி! காபி கொண்டு வா! என் சம்சாரம். காது நல்லாக் கேக்கும், கேக்காத மாதிரி இருப்பா.

குஸ்தாவ் யாருன்னு உங்க சைக்கிள் சங்கத்துல யாருக்காவது தெரியுமா? ஒலிம்பிக்ல சைக்கிள் ஓட்டினான், வாள் வீசினான், அவ்வளவுதான் தெரியும். எனக்கு முழுசாத் தெரியும். ரொட்டிக்காரன். வெள்ளைக்காரத் தெருவுல விடியக்காலம் சைக்கிள்ல வீடு வீடா ரொட்டி போடுறவன். அவங்க அப்பனுக்கு யாரோ ஒரு தொரையோட குதிரை லாயத்துல வேலை. தாத்தா காலத்துல, சாதி வழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும்னு சர்க்கார்ல எழுதிக் கொடுத்துப் பேரை மாத்திக்கிட்ட குடும்பம். பேரை மாத்திட்டா ஆச்சா? மாதா கோயில்ல நாங்க ஒரு பக்கம் உக்காருவோம், அவங்க இன்னொரு பக்கம். ஒரு காலத்துல நடுவுல சுவரே இருந்துச்சு. எனக்கு அதெல்லாம் கிடையாது தம்பி, நான் பேதம் பார்க்கறவன் இல்லை. நீங்க தெரிஞ்சுக்கணுமேன்னு சொல்றேன்.

அப்போ பட்டாளத்துக் கொட்டடியை ஒட்டி ஒரு நீள அறை இருந்துச்சு. அங்க பெர்த்தோன்னு ஒரு பழைய சார்ஜெண்ட், வாள் வீசக் கத்துக் கொடுப்பார். நல்ல குடும்பத்துப் பையன்களா ஏழெட்டுப் பேர் போவோம். வெள்ளைச் சட்டை, கம்பி முகமூடி, ஒத்தைக் கையுறை. வாளுக்கு நுனி மழுக்கி, சின்னதா ஒரு குமிழ் இருக்கும், குத்தினா உடம்புல ஏறாது. இப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் வாத்தியார் இந்த ரொட்டிக்காரனைக் கூட்டிக்கிட்டு வந்து நடுவுல நிறுத்தறார்.

ஏன்னா, அவர் வீட்டு வாசல்ல ரொட்டி கொடுக்கறப்போ இவன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டானாம். காலைக் கீழே ஊனாம, ரெண்டு காலும் பெடல்லயே இருக்க, சைக்கிள் இம்மி அசையாம நிக்குமாம். வாத்தியார் சில்லறை தேடி எடுத்து வர்ற வரைக்கும் அப்படியே நிப்பானாம். "இப்படிக் கால் இருக்கிறவனுக்குக் கை தானா வரும்"னார். எங்க காலெல்லாம் என்ன, வாடகைக்கு எடுத்துட்டு வந்ததா? ஆனா வெள்ளைக்காரன் சொல்றான், யாரு வாயைத் திறக்கறது.

போதாக்குறைக்கு ஒரு சட்டம் போட்டார். அறைக்குள்ள வந்துட்டா முசேயும் கிடையாது, தொரையும் கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். மறுநாளே அந்தப் பயல் என் முகத்துக்கு நேரா நின்னு, "லெயோன், ஆடலாமா?"ங்கறான். எங்க வீட்டுல எங்க அம்மாவே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காது ரெண்டும் சுட்டுப் போச்சு எனக்கு. இன்னிக்கு நினைச்சாலும் சுடுது.

அப்புறம் ஆட்டம் முடிஞ்சா கையுறையைக் கழட்டிட்டுக் கை கொடுக்கணும். எனக்கு அந்தக் கையுறை கொஞ்சம் இறுக்கம், சட்டுனு கழட்ட வராது. அதனால அவனுக்கு மட்டும் கையுறையோடதான் கொடுப்பேன்.

இப்ப நான் சொல்லப் போறதை நல்லாக் கேட்டுக்கோங்க, மலர்லயும் போடுங்க. இந்த வாள் விளையாட்டுல ஒரு வழக்கம் உண்டு. வேற எந்த விளையாட்டுலயும் கிடையாது. இப்ப என்னமோ கம்பி கட்டி விளக்கு எரியுதாம். அப்போ விளக்கு எங்க இருந்துச்சு? வாள் உடம்புல பட்டா, யாருக்குப் பட்டுதோ அவன்தான் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, "பட்டுது"ன்னு சொல்லணும். வெள்ளைக்காரன் "தூஷே"ம்பான். நாங்க "பட்டுது"ம்போம். குத்தினவன் "நான் குத்தினேன்"னு சொல்லக் கூடாது, அது அசிங்கம். வேடிக்கை பார்க்கறவனும் சொல்லக் கூடாது. நடுவருங்க பார்த்திருந்தா சரி. அவங்க பார்க்கலைன்னா, பட்டவன் சொல்றதுதான் தீர்ப்பு. பட்டவன்தான் சொல்லணும்.

நல்ல வழக்கம்தான். மரியாதைப்பட்டவங்களுக்கு நடுவுல நல்ல வழக்கம். பத்திரம் பதியற நோட்டேர் வீட்டுப் பையன் வாள் என் மேல பட்டா நான் கணீர்னு சொல்லுவேன். டாக்டர் மகனோடது பட்டாலும் சொல்லுவேன். எனக்கு அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா ரொட்டிக்காரன் வாள் பட்டா? அத்தனை பேர் முன்னாடி, "உன் வாள் என் மேல பட்டுது, புள்ளி உனக்கு"ன்னு அவன்கிட்ட நான் சொல்லணுமாம். எங்க அப்பா காதுல விழுந்தா என்ன ஆகும்? தெருவுல தலை காட்ட முடியுமா? நல்லவேளை, ஆண்டவர் எனக்கு அந்தச் சோதனையே கொடுக்கலை. ரெண்டு வருஷம் அவனோட பயிற்சி பண்ணியிருக்கேன் தம்பி. ஒரே ஒரு தடவை கூட நான் அவன்கிட்ட "பட்டுது"ன்னு சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரன் நான். அவன் மட்டும் என்கிட்ட சாயங்காலம் ஆனா "பட்டுது, பட்டுது"ன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பான்.

இந்தா, காபி வந்துருச்சு. குடிங்க. நீ ஏன் இங்கேயே நிக்கறே? உள்ள வேலை இல்லையா?

அந்த வருஷம் கவர்னர் ஒரு கோப்பை வெச்சார். இந்தக் கோப்பைதான். ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை மட்டும் இல்லை. பிரான்சுல பட்டாளத்துக்காரங்களுக்கு வாள் கத்துக் கொடுக்கற பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு இடம், கப்பல் சீட்டோட. அங்க போயிட்டா அப்புறம் அவங்க நாட்டு அணி, ஒலிம்பிக், எல்லாம் ஆகும்னு வாத்தியார் சொல்லிக்கிட்டு இருந்தார். கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. மாமனார் குடும்பம், எங்க குடும்பம், கோர்ட்டு ஆளுங்கன்னு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் சுவரோரம் அவன் ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்காங்க. லாயத்துக்காரன், ரொட்டிக்கடைக்காரன், அவன் அம்மா.

அஞ்சு புள்ளி யாரு முதல்ல எடுக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஆளுக்கு நாலு வந்தாச்சு. அவன் எடுத்த நாலும் நடுவருங்க கண்ணால பார்த்துக் கொடுத்தது, நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அதைக் குறிச்சுக்கோங்க. கடைசிப் புள்ளிக்கு நிக்கறோம். அவன் பின்னாடி நகர்ந்தான். நகர்ந்தவன், அந்த சைக்கிள்கார முட்டியை மடக்கி, ஒரே பாய்ச்சலா உள்ள வந்தான். அவன் வாள் வளைஞ்சுது.

வாள் வளைஞ்சா பட்டதா ஆயிடுமா? நீங்களே சொல்லுங்க. மெல்லிசான இரும்பு, காத்துல கூட வளையும். வாத்தியார் அப்புறம் சொன்னாராம், காத்துல வளையாது, எதுலயாவது முட்டினாத்தான் வளையும்னு. அவர் சொல்லிட்டுப் போறார். நடுவருங்க நாலு பேருல ரெண்டு பேர் எனக்குப் பின்பக்கம். ஒருத்தருக்கு மத்தியானச் சாப்பாட்டு மயக்கம். ஒருத்தர் "பார்க்கலை"ன்னுட்டார். தலைமை நடுவர் வழக்கப்படி என் பக்கம் திரும்பி, "முசே, பட்டுதா?"ன்னு கேட்டார். கேட்டாரா. அப்புறம் ஆட்டம் தொடர்ந்துச்சு.

என்ன பார்க்கறீங்க? ஆட்டம் தொடர்ந்துச்சுன்னு சொல்றேன்ல. எழுதிக்கோங்க.

மறுபடியும் நின்னோம். இந்தத் தடவை நான் பாய்ஞ்சேன். என் வாள் அவன் சட்டை மடிப்புல லேசா உரசின மாதிரி இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், பட்டுதா இல்லையான்னு எனக்கே தெரியலை. நடுவருங்களும் கையைத் தூக்கலை. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? அடுத்த நொடி முகமூடியைக் கழட்டிட்டு, கையைத் தூக்கி, அந்த அறை முழுக்கக் கேக்கற மாதிரி, "பட்டுது!"ன்னான். முடிஞ்சுது. கோப்பை எனக்கு.

இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? தோத்தவனே வாயால சொன்னான். நூறு பேர் கேட்டாங்க. அவன் அம்மா கேட்டா. எதிராளியே ஒத்துக்கிட்ட வெற்றி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதனாலதான் சொல்றேன், மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். எனக்கு என்ன பயம்?

பிரான்சுக்கா? இல்லை, நான் போகலை. அப்பா விடலை. கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டியை விட்டுட்டு எங்க போறது? அதுவும் இல்லாம அந்தக் குளிர் என் உடம்புக்கு ஒத்துக்காது. பெரிய பெரிய வாள்காரனுங்க நடுவுல நின்னு நிரூபிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?

வாத்தியார் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இதோ, இந்த இடத்துல நின்னார். "போகலைன்னா போகலைன்னு கவர்னர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லு லெயோன், ரெண்டாவது வந்தவனை அனுப்பலாம்"னார். நான் போகலைன்னு நான் எதுக்குச் சொல்லணும்? போறேன்னும் சொல்லலை, போகலைன்னும் சொல்லலை. கப்பல் ஒரு நாள் கிளம்பிப் போயிடுச்சு. அந்த இடம் காலியாவே போச்சுன்னு வாத்தியார் தலையில அடிச்சுக்கிட்டார். நானா காலியாப் போகச் சொன்னேன்?

ஒரு விதத்துல பார்த்தா, அவனுக்கு வாழ்க்கை கொடுத்ததே நான்தான். இதையும் போடுங்க மலர்ல. அந்தப் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சிருந்தா சொகுசா வாள் வீசிக்கிட்டு இருந்திருப்பான். கிடைக்காததால பட்டாளத்துல சிப்பாயாச் சேர்ந்து, கப்பலோட அடித்தட்டுல கரி வாரிப் போட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்தான். அங்க தபால் பை தூக்கற வேலை கொடுத்தாங்களாம். தபாலை சைக்கிள்ல கொண்டு போனான். அதைப் பார்த்துத்தான் பந்தயத்துல விட்டாங்க. நான் அன்னிக்கு ஜெயிக்கலைன்னா அவன் பேர்ல சைக்கிள் பாதை ஏது? எனக்கு ஒரு நன்றி சொன்னானா? சொன்னானா உங்ககிட்ட?

இருங்க, இன்னும் முடிக்கலை.

ஒலிம்பிக், ஒலிம்பிக்னு குதிக்கறீங்களே, அங்க என்ன கிழிச்சான்? சைக்கிள் பந்தயத்துல ரோட்டுக்குக் குறுக்கே ரயில் தண்டவாளம். அதுல சக்கரம் மாட்டி விழுந்தான். முழங்கை கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. விழுந்தவன் ஓரமா உக்கார வேண்டியதுதானே? வளைஞ்ச சக்கரத்தை முட்டியில வெச்சு நிமித்தி, மறுபடியும் ஏறி, கூட்டமெல்லாம் கலைஞ்சு, பந்தலைப் பிரிக்க ஆரம்பிச்சப்புறம் வந்து சேர்ந்தானாம். அதை ஒரு பெருமைன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

அந்தக் கையோட ரெண்டு நாள் கழிச்சு வாள்ல இறக்கினாங்க. பட்டாளத்துல வாளையும் விடாம வீசிக்கிட்டு இருந்தானாம்; அணியில ஒருத்தனுக்குக் காய்ச்சல், இவன் மாத்து ஆள். ஒருத்தனை ஜெயிச்சான், இன்னொருத்தனை ஜெயிச்சான். மூணாவது ஆட்டத்துல கடைசிப் புள்ளி. எதிராளி வாள் இவன் தோளுக்குக் கீழே எங்கேயோ தொட்டுட்டுப் போயிருக்கு. நடுவர் யாரும் பார்க்கலை. இவன் கையைத் தூக்கி "பட்டுது"ன்னுட்டான்! அங்கேயும்! அத்தனை நாட்டுக்காரன் பார்க்கறான், கழுத்துல மெடல் விழற ஆட்டம், வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா யாருக்குத் தெரியப் போகுது? அவனுக்கு அந்த வாய்தான் சத்துரு. எங்கேயும் ஒரு இடத்துல அதை மூடத் தெரியலை. நான் அன்னிக்கு வாய்விட்டுச் சிரிச்சேன் தம்பி. பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு, இவகிட்டப் படிச்சுக் காட்டிச் சிரிச்சேன். இவ எழுந்து உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்கு விளையாட்டு புரியாது.

அப்புறம் ஒரு தடவை லீவுல ஊருக்கு வந்தான். கடற்கரையில கப்பல் பாலத்துக்கு ஊரே போச்சு. நான் போகலை. மறுநாள் ஞாயித்துக்கிழமை. பூசைக்கு வந்தவன் நேரா நாங்க உக்கார்ற பக்கத்து பெஞ்சுல வந்து உக்காந்துட்டான். மார்ல ஒலிம்பிக்ல ஆடினதுக்குக் கொடுத்த பட்டை. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சும்மாவா சொன்னாங்க? சாமியார் பார்த்துட்டுப் பூசையைத் தொடங்கிட்டார். எங்க அப்பா பாதிப் பூசையில எழுந்து வெளியே போனார். நான் போகலை. ஏன்னா எனக்குத் தெரியும், அவன் எதுக்கு வந்திருக்கான்னு. பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்கப் போறான். "லெயோன், அன்னிக்குப் பட்டுதா, படலையா?" கேக்கட்டும். பதிலைத் தயாரா வெச்சிருந்தேன். ஒரு பதில் இல்லை. மரியாதையாக் கேட்டா ஒண்ணு, திமிராக் கேட்டா ஒண்ணு, கூட்டத்துல கேட்டா ஒண்ணு, தனியாக் கேட்டா ஒண்ணு.

வந்தான். கையை நீட்டினான். நான் கையில பூசைப் புத்தகம் வெச்சிருந்தேன். "சுகமா லெயோன்? வீட்டுல சுகமா?"ன்னான். சிரிச்சான். போயிட்டான்.

கேக்கலை!

அதோட விட்டானா? வருஷா வருஷம் புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். கடல் படம் போட்டு. 'லெயோனுக்கும் ரொசாலிக்கும் வாழ்த்துக்கள்.' அவ்வளவுதான். திருப்பிப் பார்ப்பேன், ஒண்ணும் இருக்காது. இது என்ன ஜென்மம்? ஒருத்தன் மேல சந்தேகம் இருந்தா கேக்கணும். கோபம் இருந்தா திட்டணும். நாலு பேர்கிட்ட "அவன் ஏமாத்திட்டான்"னு புலம்பியிருந்தா, மான நஷ்ட வழக்கு போட்டு நாறடிச்சிருப்பேன். கோர்ட்டு எனக்குப் பழக்கம். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. வேணும்னே சொல்லாம இருந்தான் தம்பி. என்னைக் கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வெச்சான். இதுக்குப் பேர்தான் வஞ்சம்.

சரி. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. கடைசி காலத்துல, தூலோன்ல, உங்ககிட்ட அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்? மறைக்காம சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது.

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க.

"லெயோன் என்னை ஜெயிச்சான். நியாயமா ஜெயிச்சான். எங்க ஊர்ல அவனை மாதிரிக் கை யாருக்கும் இல்லை." இப்படியா சொன்னான்? இவ்வளவுதானா? கடைசிப் புள்ளியைப் பத்தி? வாள் வளைஞ்சதைப் பத்தி? நீங்க கேக்கலையா? கேட்டீங்களா! கேட்டதுக்கு?

"பட்டிருந்தா லெயோன் சொல்லியிருப்பான்"னு சொன்னானா.

பட்டிருந்தா லெயோன் சொல்லியிருப்பான்.

யாருக்கு வேணும் அது? யார் கேட்டா அவன்கிட்ட? ரொட்டிக்காரன் எனக்கு நற்சான்றிதழ் கொடுக்கறானா? நியாயமா ஜெயிச்சேன்னு சொல்றதுக்கு அவன் யாரு? அவன் கொடுத்து நான் வாங்கிக்கணுமா? எங்க பரம்பரையில அவங்க கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை. இதை வாங்கிக்கணுமா நான்? நீங்க பொய் சொல்றீங்க. திட்டியிருப்பான். திருடன்னு சொல்லியிருப்பான். நீங்க மேடைக்காக மறைக்கறீங்க. சொல்லுங்க, திருடன்னு சொன்னான்தானே? சொன்னான்னு சொல்லுங்க தம்பி!

எழுந்திரிக்காதீங்க. உக்காருங்க. நான் ஒண்ணும் கத்தலை.

நீ எதுக்கு வர்றே? உன்னை யார் கூப்பிட்டா? தம்பிகிட்ட உனக்கு என்ன பேச்சு?

என்ன சொன்னே?

கேட்டீங்களா தம்பி, இவ சொல்றதை? அன்னிக்கு சாயங்காலம் எனக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாளாம். வலது விலாவுல, குமிழ் அளவுக்கு, ரத்தம் கட்டிப் போயிருந்துச்சாம். ஒரு மாசம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலையாம் எனக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து முதல்ல பார்த்ததே அதைத்தானாம். யாரைக் கேட்டு இதையெல்லாம் வெளி ஆள்கிட்ட சொல்றே? இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தே? செத்தவன் இவ்வளவு நல்லவனா இருக்கறப்போ இதுக்கு மேல மூட முடியலையா? அப்படியா? பேசக் கத்துக்கிட்டியா?

தம்பி, பேனாவை மூடுங்க. அதை எழுதாதீங்க. அது செல்லாது. உங்களுக்கு விளையாட்டு தெரிஞ்சா புரிஞ்சுக்கோங்க. பட்டவன்தான் சொல்லணும். பட்டவன் பொண்டாட்டி சொன்னா கணக்குல வராது. பக்கத்துல நின்னவ, ஒத்தடம் கொடுத்தவ, எவ சொன்னாலும் வராது. வாத்தியாரே சொன்னாலும் வராது. அதான் வழக்கம், நான் வெச்சதில்லை.

என்ன பார்வை அது? என்னைப் பொய்யன்ங்கறீங்களா? இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் போய்க் கேளுங்க. செத்தவனை எழுப்பிக் கேளுங்க. "படலை"ன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? நடுவர்கிட்ட சொன்னேனா? அவன்கிட்ட சொன்னேனா? இவகிட்டயாவது சொன்னேனா? கேளுங்க, இங்கதானே நிக்கறா. என் வாயால நான் பொய்யே சொன்னதில்லை தம்பி. அன்னிக்கு நான் வாயே திறக்கலை.